30 கிலோமீட்டரைத் தாண்டினால் மனம் விட்டுப்போகிறது. அல்ட்ரா மாரத்தான் (42 கிலோமீட்டரைத் தாண்டும் ஓட்டம்) பயிற்சியில் தனியாக ஓடுபவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்?

மனம் விட்டுப்போவதற்கு முன்னால் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? முதலில் அதை யோசித்துப் பாருங்கள்.

நான் தேனி மாவட்டம் கம்பத்துக்காரன். சனிக்கிழமை விடியுமுன் கிளம்பி கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலையேறி, கேரள எல்லையிலிருக்கும் குமுளியைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். 40 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் மலையிறங்கி லோயர் கேம்ப் வந்ததும், உங்களுக்கு ஆவதுபோலவே எனக்கும் ஆகும். மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி பாலத்துத் திண்டில் உட்கார்ந்துவிடுவேன். இது எதற்கு, யாருக்காக என்று ஒரே யோசனையாக இருக்கும்.

ஒருநாள் அங்கிருந்த பெட்டிக்கடை அம்மா, "மொகமே செத்துப் போச்சே தம்பி, காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். நாலு மணி நேரமாக வெறும் தண்ணீர்தான். இரண்டு கடலை மிட்டாயும், சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அந்த யோசனையெல்லாம் போன இடம் தெரியவில்லை. கால் வலி அப்படியேதான் இருந்தது, ஆனால் வீடுவரை ஓடிவிட்டேன்.

நடந்தது இதுதான். தசையிலும் கல்லீரலிலும் உடல் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து கொஞ்சம்தான். நாலு மணி நேர ஓட்டத்துக்கு அது காணாது. மூளைக்கும் முக்கிய எரிபொருள், மாவுச்சத்திலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரைதான். அது இறங்கும்போது நமக்கு வெறுப்பாகவும் அழுகையாகவும் தெரிகிறது. அதனால் முதல் மணி நேரத்திலிருந்தே, பசி வருமுன், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். அப்புறம் உப்பு. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பமும் மயக்கமும் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கூட இருக்கட்டும்.

அடுத்தது வேகம். பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஏற்றத்தில் தாராளமாக நடங்கள், அனுபவசாலிகளும் நடக்கத்தான் செய்கிறார்கள். குமுளி ஏற்றத்தில் நான் நடக்கும் நேரத்தில்தான் ஏலத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போகும் பெண்களின் ஜீப்புகள் கடக்கும். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. "ஏறிக்கப்பா தம்பி, எடமிருக்கு" என்று ஒரு அக்கா குரல் கொடுப்பார். அவர்கள் வாரம் முழுக்க இருட்டிலேயே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். அந்தக் குரலுக்கு அடுத்த இரண்டு வளைவு எனக்குத் தெரியாமலே கடந்துபோகும். தனியாக ஓடுவதென்றாலும் மனுஷர் நடமாடும் பாதையாகப் பாருங்கள் என்பேன். ஒரே மைதானத்தைச் சுற்றுவது என்னால் முடிந்ததே இல்லை.

மொத்தத் தூரத்தையும் மனதில் சுமக்கவே மாட்டேன். கூடலூர் வரை கூடலூர் மட்டும்தான்.

சனிக்கிழமை நீண்ட ஓட்டம் என்றால் ஞாயிறு மெதுவாக 15 கிலோமீட்டர் போங்கள். களைத்த காலோடு ஓடிப் பழக ஒரே நாளில் 60 ஓட வேண்டியதில்லை. இப்படி இரண்டு நாள் அடுத்தடுத்து ஓடுவது மாதம் இரண்டு முறை போதும். இறக்கத்தையும் பழகுங்கள். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவது அங்கேதான், மறுநாள் படியிறங்க விடாமல் செய்வதும் அதுதான்.

சாப்பிட்டும், வேகம் குறைத்தும், ஒரே இடத்தில் சுருக்கென்று வலி கூடிக்கொண்டே போனால் அது மனம் சம்பந்தப்பட்டது இல்லை, நிறுத்திவிடுங்கள். லோயர் கேம்ப்பிலிருந்து கம்பத்துக்குப் பஸ் இருக்கிறது. நான் இரண்டு தடவை அதில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தேன்.