ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தம்பியை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தற்கொலைக்கு முயன்ற தம்பியை நாளைக்குத் தஞ்சாவூரிலிருந்து கூட்டிவருகிறோம், இனி என்ன கவனிக்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் தேறிவிட்டான் என்று வீடே மூச்சுவிடுகிற இந்த நேரத்தில்தான் ஆபத்து அதிகம், முக்கியமாக முதல் வாரம், அப்புறம் மூன்று மாதம் வரைக்கும்.

நம் டெல்டாவில் முதல் வேலை பூச்சிமருந்து. சம்பாவுக்கு வாங்கி மிஞ்சியது நெல்மூட்டைக்குப் பின்னால் கிடக்கும், அவன் வருவதற்குள் அதை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். எங்கள் சித்தப்பா திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் பெரியப்பா வீட்டில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரியம்மா இடுப்பிலேயே செருகிக்கொண்டார். சாகணும் என்கிற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அப்போது கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்ப வாய்ப்பு அதிகம். மாத்திரையையும் அன்றன்றைக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே மனநல மருத்துவரை மறுபடி பார்க்கும் தேதியைக் கேட்டு வாங்குங்கள், ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். "திரும்ப அந்த எண்ணம் வருதாடா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. ராத்திரியில் பயமாக இருந்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிருக்கே ஆபத்து என்றால் 108. போலீஸ் கேஸ் என்று பயந்து சிகிச்சையை விட்டுவிடாதீர்கள், 2017 மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அவனைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவனாகத்தான் பார்க்கச் சொல்கிறது.