புதிதாக அறிமுகமான டீசல் எஞ்சினுடன் வரும் பிக்கப் டிரக்கை முதல் ஆண்டிலேயே வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் தன் தேவையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வாரம் இரண்டு முறை கனமான டிரெய்லரை இழுக்க வேண்டும். மற்ற நாட்களில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் குட்டி ஓட்டங்கள். வாங்கினால் பத்து ஆண்டுகள் வைத்திருப்பார். அந்த எஞ்சின் சந்தைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

உங்கள் தேவைக்கு நான் வாங்க மாட்டேன். குறைந்தது மூன்று ஆண்டுகளாவது பொறுத்திருப்பேன். பதினேழு ஆண்டுகளாக டீசல் பிக்கப்புகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. புது எஞ்சினை நம்பி வாங்கியவர்கள் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற நிலையைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

பலரும் பயப்படுவது எஞ்சினின் அடிப்படை இரும்பைப் பற்றி: பிளாக் வெடிக்குமா, கிராங்க் உடையுமா என்று. அப்படி வந்த வண்டிகள் என் அனுபவத்தில் மிகக் குறைவு. கட்டி இழுத்து வரப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது எஞ்சினைச் சுற்றி மாட்டியிருக்கும் உறுப்புகள்: எரிபொருள் பம்ப், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர், டர்போ, புகைக்கரி வடிகட்டி. சின்ன உறுப்பு கெட்டு, அதன் சேதம் பெரிய உறுப்புக்குப் போய்ச் சேரும். எனவே எந்தப் புது எஞ்சினைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதில் கெடக்கூடியது கெட்டால், சேதம் அங்கேயே நிற்குமா, பரவுமா?

ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 2003 மாடலில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கைப் பாருங்கள். நேவிஸ்டார் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த எஞ்சின் அது. அதற்கு முன்பிருந்த 7.3 லிட்டர் எஞ்சின் சளைக்காமல் உழைக்கும் என்று பெயர் வாங்கியிருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகவே, அதன் இடத்தில் 6.0 வந்தது. கழிவு வாயுவின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி சிலிண்டருக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் அதில் சேர்ந்தது. ஆயில் கூலரைக் கடந்து வரும் கூலண்ட்தான், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்தான், இந்த ஈ.ஜி.ஆர். கூலருக்குப் போகும். ஆயில் கூலரின் வழிகள் மிகக் குறுகியவை. வார்ப்பின்போது தங்கிவிட்ட மணல், கூலண்டிலிருந்து பிரியும் கசடு, எது வந்தாலும் அங்கே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஈ.ஜி.ஆர். கூலருக்குப் போதுமான கூலண்ட் கிடைக்காது. அது கொதித்து உள்ளேயே வெடிக்கும். கூலண்ட் சிலிண்டர் பக்கம் போகும். அழுத்தம் எகிறும்போது சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்கள் நீண்டு கொடுத்துவிடும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விடும். பழைய 7.3-இல் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் 6 ஹெட் போல்ட்கள் இருந்தன, 6.0-இல் 4 மட்டுமே.

ஆயில் கூலர் அடைத்ததில் தொடங்கி ஹெட் கேஸ்கெட் வரை போகிற இந்தச் சங்கிலியில், முதல் கண்ணியை ஓட்டுநர் கண்ணால் பார்க்கவே முடியாது. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி, ஆயிலின் வெப்பத்தையும் கூலண்டின் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். இடைவெளி 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். இந்த எளிய சோதனை வண்டி வாங்கியவர்களுக்குப் பரவலாகத் தெரியவந்தபோது பல எஞ்சின்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. பழுதுச் செலவு யாருடையது என்று ஃபோர்டும் நேவிஸ்டாரும் 2007-இல் நீதிமன்றத்துக்குப் போய், 2009-இல் சமரசம் செய்துகொண்டன. 2011 மாடலில் ஃபோர்டு தானே வடிவமைத்த 6.7 லிட்டர் எஞ்சினைக் கொண்டு வந்தது.

இதற்கும் முன்னோடி உண்டு. 1978-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட 5.7 லிட்டர் ஓல்ட்ஸ்மொபில் டீசல் எஞ்சின், பெட்ரோல் எஞ்சினின் ஹெட் போல்ட் அமைப்பையே வைத்துக்கொண்டது. டீசலின் அழுத்தத்தை அந்த போல்ட்கள் தாங்கவில்லை. டீசலில் கலந்து வரும் தண்ணீரைப் பிரிக்கும் அமைப்பும் அதில் இல்லை. கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு எஞ்சினில் மறுபடியும் ஹெட் போல்ட்தான் பேச்சாக இருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

பொறுத்திருப்பதில் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் 6.6 லிட்டர் டீசல் எஞ்சினின் வரலாற்றைப் பாருங்கள். 2001-இல் எல்பி7 என்ற பெயரில் வந்தது. அடிப்படையில் நல்ல எஞ்சின், ஆனால் இன்ஜெக்டர்கள் கசிந்தன. அவை எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவருக்கு அடியில் இருந்ததால் மாற்றுவதே பெரும்பாடு. கடைசியில் நிறுவனமே இன்ஜெக்டர்களுக்கு 7 ஆண்டு அல்லது 2,00,000 மைல் என்று உத்தரவாதத்தை நீட்டியது. 2004-இன் நடுவில் வந்த எல்எல்ஒய்யில் இன்ஜெக்டர்களை வால்வு கவருக்கு வெளியே கொண்டு வந்தார்கள். ஆனால் கனமான சுமையை மலைப்பாதையில் இழுக்கும்போது எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது என்ற புகார் எழுந்தது. 2006-இல் வந்த எல்பிஇஸட்டைத்தான் இன்றும் ஆட்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஒரே எஞ்சின், மூன்றாவது சுற்றில் பழுத்தது. மூன்று ஆண்டு என்று நான் சொன்னதைத் துல்லியமான கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வண்டிகள் உங்களைப் போன்றவர்களின் கையில் சுமை இழுத்து, ஒரு கூலண்ட் மாற்றத்தையாவது பார்த்து முடிக்க அவ்வளவு காலம் ஆகிறது.

ஆனால் இங்கே பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. எஞ்சினின் பெயர் பழையதாக இருந்தால் எஞ்சினும் பழையது என்று நினைத்துவிடுகிறார்கள். ராம் பிக்கப்பின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் 2007 முதல் ஓடுகிறது. 2019 மாடலில் அதன் எரிபொருள் பம்பை மட்டும் போஷ் நிறுவனத்தின் சிபி3 வகையிலிருந்து சிபி4 வகைக்கு மாற்றினார்கள். 2021-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து மீண்டும் சிபி3-ஐயே மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு ஆண்டு பழைய எஞ்சின், ஆனால் அந்தப் பம்பைப் பொறுத்தவரை 2019 வண்டி முதல் ஆண்டு வண்டிதான். வயதை எஞ்சினுக்குப் பார்க்காமல், மாற்றப்பட்ட உறுப்புக்குப் பாருங்கள்.

இந்த சிபி4 பம்ப் வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேதம் பரவுவது என்றால் என்னவென்று இதில்தான் நன்றாகத் தெரியும். சுமார் 2,000 பார் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் பம்ப் இது. உள்ளே கேம் என்ற மேடுள்ள தண்டு சுழல, அதன் மேல் உருளை ஒன்று உருண்டு உந்துதண்டை மேலும் கீழும் தள்ளும். இவற்றுக்கு மசகு தனியாகக் கிடையாது. ஓடும் டீசலே மசகு. டீசலில் கந்தகத்தைக் குறைக்கும்போது அதன் இயல்பான வழவழப்பும் குறைகிறது. அதைச் சேர்க்கைப் பொருட்களால் ஈடு செய்கிறார்கள். வழவழப்பை அளக்க, டீசலில் மூழ்கிய தகட்டின் மேல் ஒரு சிறு எஃகுக் குண்டைத் தேய்த்து, விழும் தழும்பை அளப்பார்கள். ஐரோப்பியத் தரம் 460 மைக்ரானுக்கு மேல் தழும்பு விழக்கூடாது என்கிறது. அமெரிக்கத் தரம் 520 வரை அனுமதிக்கிறது. ஐரோப்பியக் கார்களில் பழகிய பம்ப், வழவழப்பு குறைந்த டீசலோடு அமெரிக்கப் பிக்கப்புகளில் உழைக்க வேண்டி வந்தது. வழவழப்பு போதாமலோ, தண்ணீர் கலந்தோ, காற்று புகுந்தோ உருளை சரியாக உருளாமல் இழுபட்டால் கேமைச் சுரண்ட ஆரம்பிக்கும். சுரண்டிய உலோகத்தூள் கலந்த அதே டீசல்தான் பிறகு உயர் அழுத்தப் பகுதிக்குள் நுழைந்து, இன்ஜெக்டர்கள் வரை போகிறது. மிச்சம் திரும்பும் குழாய் வழியாகத் தொட்டிக்கே போய்ச் சேருகிறது.

ஒரு நாள் மாலை ஒருவரின் வண்டியை இழுத்து வந்தார்கள். நிறுவனப் பெயர் வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி. காலையில் நன்றாக ஓடியதாம், மதியம் டிரெய்லரோடு நடுச்சாலையில் அணைந்துவிட்டது. நான் ஃபில்டரைக் கழற்றி, உறையை அறுத்து, மடிப்புகளை ஒரு வெள்ளைத் துணியின் மேல் விரித்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் மடிப்பு முழுக்க மினுமினுத்தது. காந்தத்தைக் கிட்டே கொண்டு போனதும் தூள் எழுந்து ஒட்டிக்கொண்டது. அவர் பேசவே இல்லை. பம்ப், குழாய்கள், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ந்து கொடுக்கும் ரெயில் குழல், எல்லா இன்ஜெக்டர்களும் மாற்ற வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் தரப்பு, டீசலில் தண்ணீர் கலந்திருந்தது, எனவே உத்தரவாதம் செல்லாது என்றது. தண்ணீர் பிரிப்பானைத் திறந்து நான் பிடித்துவைத்த மாதிரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இல்லை. அந்தப் புட்டியை அவருக்கே கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் போராடிப் பாதிச் செலவை வாங்கினார். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது முழுச் செலவு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

இனி உங்கள் குட்டி ஓட்டங்களுக்கு வருகிறேன். புகைக்கரி வடிகட்டி தன்னில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் தேவை. பல எஞ்சின்களில் இந்த வெப்பத்துக்காகச் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் தெளிக்கப்படும். பத்து நிமிடத்தில் நீங்கள் எஞ்சினை அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கும், தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம், முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடிக்கும்.

நீண்ட ஓட்டம் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. 2015-இல் புதிதாக வந்த டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் குடும்பம் ஆஸ்திரேலியாவில் சிக்கிய வழக்கில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டும்போதுதான் வடிகட்டி சரியாகச் சுத்தமாகாது என்று தெரியவந்தது. சுமார் 2,64,000 வண்டிகள் தொடர்பான அந்த வழக்கில் 2022-இல் கூட்டாட்சி நீதிமன்றம் வாங்கியவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஓட்டுநர்தான் சரியாக ஓட்டவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த வழக்கை நினைவில் வையுங்கள்.

நிறுவனங்கள் சோதிக்காமலா வெளியிடுகின்றன? சோதிக்கின்றன, ஆயிரக்கணக்கான மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுகின்றன. ஆனால் ஐந்து வயதான கூலண்டையும், மூன்று வாரம் நிறுத்திவைத்த தொட்டியில் வேர்த்த தண்ணீரையும் சோதனைக் கூடத்தில் அவசரமாக உருவாக்கிவிட முடியாது. கம்மின்ஸ் 6.7-இல் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் கம்பிவலையின் போல்ட் நாளடைவில் தேய்ந்து, கழன்று சிலிண்டருக்குள் விழுகிற பழுது இப்படிக் காலத்தால் மட்டுமே வெளிப்பட்டது. 2025 மாடலில்தான் அந்தக் கம்பிவலையை விட்டுவிட்டு, சிலிண்டருக்குள்ளேயே சூடேற்றும் குளோ பிளக்குகளுக்கு மாறினார்கள்.

விற்பனையாளரிடம் குதிரைத்திறனைக் கேட்க வேண்டாம், அதை அவரே சொல்வார். எரிபொருள் பம்ப் எந்த வகை, போன மாடலில் இருந்ததா, பம்ப் சிதறினால் இன்ஜெக்டர்களும் தொட்டியும் உத்தரவாதத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். எந்த உறுப்பை மாற்ற எதைக் கழற்ற வேண்டும் என்றும் கேளுங்கள். 2020-இல் வந்த 3.0 லிட்டர் டியூராமேக்ஸில் ஆயில் பம்பை இயக்கும் பெல்ட்டை 1,50,000 மைலில் மாற்ற வேண்டும். அது எஞ்சினின் பின்புறம் இருக்கிறது, கியர்பாக்ஸை இறக்கினால்தான் கை எட்டும். இது பழுது இல்லை, அட்டவணைப்படியான வேலைதான். ஆனால் பத்து ஆண்டு வைத்திருக்கப் போகும் உங்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கிவிட்டீர்களென்றால், குட்டி ஓட்டங்களுக்கு வேறொரு வண்டியை வைத்துக்கொண்டு இதை டிரெய்லருக்கு மட்டும் எடுங்கள். டீசல் போட்ட ரசீதுகளை எறியாதீர்கள். தண்ணீர் பிரிப்பானை மாதம் ஒருமுறை திறந்து வடியுங்கள். முதல் ஃபில்டரைக் குறித்த காலத்துக்குப் பாதியிலேயே மாற்றச் சொல்லி, கழற்றியதை வீட்டுக்கு எடுத்து வந்து அறுத்து விரித்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், அங்கிருந்தே கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.