ஒரு சாண் நிலம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். லண்டனுக்கு வந்து மூன்று வருடம், ஹரோவில் வீடு வாங்கி ஒரு வருடம். பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்குப் போய் இரண்டு கிழமை நின்றுவிட்டு வந்து பார்த்தால், பின்வளவில் இருந்த பழைய மரவேலியைக் காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புது வேலி போட்டிருக்கிறார், அதுவும் உங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி. உங்கள் அப்பிள் மரத்தின் கிளைகளையும் தறித்து உங்கள் புல்தரையில் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "உங்களுக்கும் சேர்த்துத்தானே போட்டேன், செலவுகூடக் கேட்கவில்லையே" என்றாராம். பொலிஸைக் கூப்பிடவா, வேலியைப் பிடுங்கவா என்று கேட்கிறீர்கள்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கொதிகலன் மாற்றுவது, அம்மாவின் விசா என்று மற்றவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். நான் வேலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், வேலியில் கை வைக்காதீர்கள். அது யாருடைய நிலத்தில் நின்றாலும் அவர் காசு கொடுத்து வாங்கிய பலகை. நீங்கள் பிடுங்கினால் அன்றோடு அவர் செய்த பிழை மறைந்து, நீங்கள் செய்த பிழைதான் பேச்சாகும். பொலிஸைக் கூப்பிட்டாலும், இது உரிமையியல் விடயம், நீங்களே பேசித் தீருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொலிஸ் வாகனம் வாசலில் வந்து நின்ற காட்சி மட்டும் அந்தத் தெருவில் பல வருடம் நிற்கும்.

அடுத்தது, பழைய வேலி யாருடையது என்று பாருங்கள். வீட்டைப் பார்த்து நின்றால் இடப்பக்க வேலி எங்களுடையது என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அப்படி ஒரு சட்டம் இங்கே கிடையாது. உங்கள் காணி உறுதியில், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தில், எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. உறுதியோடு இருக்கும் வரைபடத்தில் எல்லைக்கோட்டின் மேல் ஆங்கில 'டி' (T) எழுத்துப் போல ஒரு குறி இருக்கலாம். அது எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்தவரே வேலிக்குப் பொறுப்பு. இரண்டு பக்கமும் நின்றால் இருவருக்கும் பொது. வேலி அவருடையதாக இருந்து, அவருடைய நிலத்துக்குள்ளேயே நின்றிருந்தால் அதை அவர் கழற்றலாம், மாற்றலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் நிலத்துக்குள் ஒரு சாண் வந்தது வேறு கதை. அதற்கு அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

காணிப் பதிவகத்தில் உங்கள் வீட்டின் பதிவும் வரைபடமும் எடுக்கலாம், ஒவ்வொன்றும் 7 பவுண். எடுத்து வையுங்கள், ஆனால் அந்த வரைபடம் ஒரு சாண் கணக்கைத் தீர்த்து வைக்கும் என்று நம்பாதீர்கள். நகர்ப்புறங்களில் அது பெரும்பாலும் 1:1250 அளவில் இருக்கும். அதில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் ஒன்றேகால் மீற்றர். உங்கள் ஒரு சாண் அந்தச் சிவப்புக் கோட்டின் தடிப்புக்குள்ளேயே மறைந்துவிடும். 2002ஆம் ஆண்டின் காணிப் பதிவுச் சட்டமே, வரைபடம் காட்டுவது பொதுவான எல்லை, துல்லியமான எல்லை அல்ல என்றுதான் சொல்கிறது.

அப்படியானால் எதை வைத்துப் பேசுவது? நிலத்தை வைத்துத்தான். பழைய தூண்களை அவர் பிடுங்கியிருந்தாலும் அடியில் ஊற்றிய கொங்கிறீட் கட்டியைப் பெரும்பாலும் முழுதாக எடுக்கமாட்டார்கள். மேலே அறுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். இப்போது அது உங்கள் பக்கத்தில் இருக்காது, புது வேலிக்கு அப்பால் இருக்கும். ஆகவே எட்டிப் பார்த்துப் படம் எடுங்கள், அவர் வளவுக்குள் இறங்காதீர்கள். வீட்டுச் சுவரின் மூலையிலிருந்து புது வேலி வரை நாடா பிடித்து மூன்று இடத்தில் அளவு எடுங்கள். வீடு வாங்கியபோது முகவர் போட்ட படங்களில் பின்வளவு இருக்கும், தேடி எடுங்கள். பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் பின்னால் தெரியும் வேலியும் சாட்சிதான். எல்லாவற்றிலும் திகதி இருக்கட்டும்.

அப்பிள் மரத்தைப் பற்றி: அவர் வளவுக்குள் நீண்ட கிளையை எல்லைவரை வெட்ட அவருக்கு உரிமை உண்டு. எல்லையைத் தாண்டி ஓர் அங்குலம் வெட்டினாலும் பிழை. வெட்டிய கிளையும் காயும் உங்கள் சொத்து. கவுன்சில் பாதுகாக்கும் மரமென்றால் அவர்களைக் கேட்காமல் யாருமே வெட்டக்கூடாது. உங்கள் மரம் எந்த இடம்வரை வெட்டப்பட்டது என்பதையும் படம் எடுங்கள், ஏனென்றால் எல்லை எங்கே என்று அவர் நினைத்தார் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நானும் இப்படித்தான் ஒரு காலை பார்த்தேன்.

1990 ஆனியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, அடுத்த வருடம் இங்கே வந்து சேர்ந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் ஐந்து பேர். ஏழு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. 1998இல் வெம்பிளிப் பக்கம் ஒரு சிறிய வீடு வாங்கினோம். சாவியைத் தந்த மூதாட்டி எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய், வேலி ஓரம் நின்ற ரோஜாச் செடியைக் காட்டி, இதைப் பெப்ரவரியில் வெட்டிவிட வேண்டும், மறக்காதீர்கள் என்றார். மூன்று வருடம் மறக்காமல் வெட்டினேன்.

2001இல் ஒரு காலை வேலை முடிந்து வந்து தேநீர் போட்டுக்கொண்டு குசினி யன்னலால் பார்க்கிறேன். இரண்டு பேர் சீமெந்து குழைக்கிறார்கள். எங்கள் வேலி பலகை பலகையாக அடுக்கிக் கிடக்கிறது. புதுத் தூண்கள் எங்கள் பக்கம் நட்டிருக்கிறது, ரோஜாச் செடி அந்தப் பக்கம் நிற்கிறது. பூ இன்னும் பூக்கவில்லை, மொட்டுக்கட்டிய நேரம். மனைவி, போய்க் கேளுங்கள் என்றார். நான் போகவில்லை. அடைக்கலம் கேட்டு வந்தவன், விசாவே நிரந்தரமாகி அதிக காலம் இல்லை, அவருடைய ஊரில் அவரோடு சண்டையா என்று நினைத்தேன். கோயிலில் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும், "ஒரு சாண் நிலம்தானே, விட்டுவிடு" என்றார்கள்.

அந்தப் பேச்சைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. ஊரில் வேலிக்கு நட்ட ஒரு கதியால், அந்த உயிர்க் கம்பு, அரை அடி அசைந்தால் கத்தியோடு நின்ற ஆட்கள், இங்கே வந்ததும் எதற்கும் தலையாட்டுகிறார்கள். பணிவு என்று அதற்குப் பெயர் வைக்கிறார்கள். அது பணிவில்லை, பயம். இன்னொரு சாரார் இருக்கிறார்கள். அவர்கள் உடனே சொலிசிட்டரிடம் ஓடி, ஒரு முழ நிலத்துக்காக நிலத்தின் விலையைப் போலப் பல மடங்கு செலவழித்துவிட்டுப் பத்து வருடம் முகம் பாராமல் இருப்பார்கள். அதே ஆட்கள் தங்கள் வீட்டில் சமையலறையைப் பின்னுக்கு நீட்டும்போது, பொதுச்சுவர்ச் சட்டம் என்று 1996இலிருந்து ஒன்று இருக்கிறது, அத்திவாரம் தோண்டப் பக்கத்து வீட்டுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டி வரும், பொதுச்சுவரிலேயே கை வைப்பதென்றால் இரண்டு மாதம் என்று சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நாங்கள் கேட்கும் மரியாதையை நாங்களும் கொடுக்க வேண்டும்.

நான் பேசாமல் இருந்ததன் விலை 2009இல் தெரிந்தது. வீட்டை விற்கப் போனபோது ஒரு படிவம் தந்தார்கள். எல்லை எங்காவது நகர்த்தப்பட்டதா, அயலவரோடு ஏதாவது பிணக்கு உண்டா என்று அதில் கேட்கிறது. பொய் எழுதினால் வாங்குபவர் பிறகு வழக்குப் போடலாம். உண்மையை எழுதினேன். வாங்க வந்தவரின் சொலிசிட்டர் கேள்விமேல் கேள்வி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ, வேலி எப்போதும் அங்கேதான் நின்றது என்றார். என்னிடம் ஒரு படம் இல்லை, ஒரு கடிதம் இல்லை. எட்டு வருடம் நான் வாய் திறக்காததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. விலையில் 3,000 பவுண் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து வருடம் ஒருவர் உங்கள் நிலத்தைத் தன்னுடையதாக நம்பி ஆண்டுவந்தால், அதைத் தன் பெயருக்கு மாற்றும்படி அவர் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே இந்தக் கிழமையே போய்ப் பேசுங்கள். காசு கேட்காமல் வேலி போட்டதற்கு நன்றி சொல்லுங்கள், அது உண்மையான உதவியும்தான். பிறகு, எல்லை ஒரு சாண் தள்ளியிருக்கிறது, நாடாவை நீங்களே பிடியுங்கள் என்று சொல்லுங்கள். மறுநாள் அதையே ஒரு பக்கக் கடிதமாக எழுதித் திகதி போட்டுக் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சூடான வார்த்தை வேண்டாம். "உங்கள் புது வேலி இந்த இடத்தில் நிற்பதற்கு நான் சம்மதிக்கவில்லை, பேசித் தீர்க்க விரும்புகிறேன்" என்ற அளவு போதும். அவர் மறுத்தால், இருவரும் பாதிப் பாதி கொடுத்துப் பட்டயம் பெற்ற ஒரு நில அளவையாளரைக் கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் மத்தியஸ்தம். உங்கள் வீட்டுக் காப்புறுதியில் சட்டச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் சொலிசிட்டரைப் பிடிக்கும் முன் காப்புறுதிக்காரருக்குச் சொல்லுங்கள். அவர்களைக் கேளாமல் செலவழித்த காசைப் பிறகு தரமாட்டார்கள்.

ஊரில் வேலி அடைத்தது உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது, உங்கள் வயதுக்கு எல்லா இடமும் மதிலாகியிருக்கும். எங்கள் வீட்டில் பூவரசும் கிளுவையும் நட்ட கிடுகு வேலி. அப்பா உள்ளே நின்று குத்தூசியில் கயிற்றைக் கோத்துக் கிடுகுக்குள்ளால் தள்ளுவார். அந்தப் பக்கத்தில் நின்று அதை வாங்கி இழுத்துத் திருப்பித் தள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு மாமாதான். முந்திய மாதம் எல்லைக் கதியாலுக்காக அப்பாவோடு சத்தம் போட்டவரும் அவர்தான். வேலியின் நடுவில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் இடைவெளி, இருக்கும். அதற்குள்ளால்தான் நாங்கள் அவர்கள் கிணற்றுக்குப் போவோம். அந்தக் காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பல வருடம் கழித்து விடுபட்டபோது அங்கே வீடும் இல்லை, வேலியும் இல்லை. என் தங்கை அந்தக் கிணற்றைக் கண்டுதான் எங்கள் காணி எது என்று மட்டுக்கட்டினாள்.

இப்போது இருக்கும் வீட்டில் 2022 பெப்ரவரியில் அடித்த யூனிஸ் புயலில் எங்கள் வேலியில் மூன்று பலகைகள் போய்விட்டன. வலப்பக்கத்து வீட்டுக்காரர் எழுபது வயது ஆங்கிலேயர். அடுத்த சனிக்கிழமை கதவைத் தட்டி, எங்கே நிறுத்துவது என்று முதலில் கேட்டார். நாடா பிடித்தோம், அளவை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். பிறகு அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்று, புதுப் பலகையைத் தூக்கி கொங்கிறீட் தூணின் பள்ளத்துக்குள் மேலிருந்து இறக்கினோம். மழை ஊறிய பலகை, நல்ல பாரம். "உங்கள் பக்கம் சரியா?" என்று அவர் கேட்டபோது ஒரு கணம் எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாள் என் உறுதியோடு இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை அளவு எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சுவர் மூலையிலிருந்து எடுத்த மூன்று அளவையும் போடுங்கள். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.