கீழக்கரையில் இருந்துகொண்டு கோவையில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி: நான் கீழக்கரையில் இருக்கிறேன். கணவருக்கு துபாயில் வேலை. சேமிப்பு 42 லட்சம் இருக்கிறது. வட்டிக்குக் கடன் வாங்க மாட்டோம், வட்டி வரும் டெபாசிட்டும் வேண்டாம். இங்கே வீடு வாங்கினால் வாடகைக்கு ஆள் கிடைப்பதில்லை; எங்கள் தெருவிலேயே பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கோவை சரவணம்பட்டியில் எட்டு வருடப் பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட் 38 லட்சத்துக்கு வருகிறது, வாடகை 14,000 கிடைக்கும் என்கிறார் ஒரு தரகர். எங்களுக்குக் கோவை பழக்கமே இல்லை. வெளியூர் என்றால் எப்படி விசாரிப்பது? டோக்கன் அட்வான்ஸ் 50,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தரகரின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம் சகோதரி. மாதம் 14,000 என்றால் வருடத்துக்கு 1,68,000. 38 லட்சத்துக்கு இது கிட்டத்தட்ட நாலரை சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதுவே 3,42,000. தரகு, பெயின்ட், குழாய் வேலை என்று சேர்த்தால் உங்கள் 42 லட்சமும் காலி. வரவிலும் ஒரு மாதம் ஆள் இல்லாமல் கிடக்கும் என்று கழியுங்கள். வீட்டு வரிக்கும் ரிப்பேருக்கும் 20,000 போடுங்கள். மிஞ்சுவது 1,34,000. அதாவது நீங்கள் போடும் 42 லட்சத்துக்கு 3.2 சதவீதம். விலை ஏறுமே என்பீர்கள். ஃபிளாட்டில் விலை ஏறுவது நிலத்துக்குத்தான், கட்டடம் பழசாகிக்கொண்டே போகும். அதனால் உங்கள் பங்குக்கு யூடிஎஸ், அதாவது ஃபிளாட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலம், எத்தனை சதுர அடி என்று கேட்காமல் பேச்சையே தொடராதீர்கள்.

அப்புறம் விசாரணை. வாங்குபவராகப் போய்க் கேட்டால் எல்லோரும் நல்லதாகவே சொல்வார்கள். குடிவரப் போகிறவர் போலக் கேளுங்கள். நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், ஓஎல்எக்ஸ் மூன்றிலும் சரவணம்பட்டியில் இதே அளவு வீடுகள் என்ன வாடகைக்கு இருக்கின்றன என்று பார்த்து, ஒரு பத்து வீட்டுக்காரர்களுக்குப் போன் போடுங்கள். "கொஞ்சம் குறைப்பீர்களா" என்று கேட்டதும் எவ்வளவு இறங்கி வருகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து அதே எண்களுக்கு மறுபடி கூப்பிடுங்கள். பாதிப் பேர் "இன்னும் காலியாகத்தான் இருக்கு, எப்போ வர்றீங்க" என்றால் 14,000 என்பது தரகரின் ஆசை.

விற்பவர் "ஆள் காலி செய்ததே இல்லை" என்பார். சண்டை போட வேண்டாம், கடந்த இரண்டு வருட ஈபி பில் விவரத்தை மட்டும் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். குடும்பம் இருக்கிற வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி என்று யூனிட் ஓடியே தீரும். நடுவில் நாலைந்து பில்லில் யூனிட் பத்தும் பதினைந்துமாக நின்றால் அந்த மாதங்களில் அங்கே யாரும் சமைக்கவில்லை. பில் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் 100 யூனிட் இலவசம், ஆகவே பூட்டிய வீட்டுக்கும் சிக்கனமான வீட்டுக்கும் ஒரே பூஜ்யம்தான் காட்டும்.

விலை சரியா என்பதற்குப் பதிவுத்துறையின் இணையதளம் போதும். சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தால், அதே எண்ணில் பக்கத்து ஃபிளாட்டுகள் எப்போது என்ன தொகைக்குக் கைமாறின என்று வந்துவிடும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பும் அங்கேயே இருக்கிறது. பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் நம் ஊரில் உண்டு என்பதால் பத்திரத் தொகையைக் குறைந்தபட்ச விலை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வகை வேலையை நம்பியிருக்கும் இடம் என்றால் எனக்குப் பயம். சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் வாடகைக்கு வருவோரில் ஐடி ஊழியர்கள் நிறைய. 2020-ல் அவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பியபோது வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் உங்களுக்கு யாராவது ஆசை காட்டலாம். அங்கே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024-ல் சிப்காட் திறந்தது. அவர்களுக்கு வாடகைக்கு அறை விட்டுக்கொண்டிருந்தவரின் கணக்கு அதோடு மாறும்.

என்னைக் கேட்டால் முதல் வீடு மதுரையில். கீழக்கரையில் காலையில் பஸ் ஏறினால் வேலையை முடித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். அண்ணா நகர், கே.கே.நகர் பக்கம் மருத்துவமனைகள், ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளை. வாடகைக்கு வருபவர்கள் ஒரே கம்பெனிக்காரர்களாக இருக்க மாட்டார்கள். கோவைக்கு ஒவ்வொரு குழாய் கசிவுக்கும் ஓட முடியாது, ஆள் வைத்தால் அந்த 3.2-ம் தேய்ந்துவிடும். சென்னை மண்ணடியில் நெருங்கிய சொந்தம் இருந்தால் சென்னையையும் சேர்த்துக்கொள்ளலாம். ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் அங்கே. ஆனால் ஒரு மே மாதம் தண்ணீருக்கும் ஒரு டிசம்பர் வெள்ளத்துக்கும் போய்ப் பார்க்காமல் அங்கே வாங்காதீர்கள்.

யார் பெயரில் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கணவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்பதால் வீடு அவர் பெயரில் இருந்தால், வாடகையில் 30 சதவீதமும் செஸ்ஸும் டிடிஎஸ்ஸாக, அதாவது வாடகை கொடுக்கும்போதே வரியாக, பிடித்துக் கட்டுவது குடியிருப்பவர் பொறுப்பு. எத்தனை பேர் அந்தத் தலைவலிக்கு வருவார்கள்? உங்கள் பெயரில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பணம் அவருடையது என்பதால் வாடகை வருமானம் வரிக் கணக்கில் அவரோடுதான் சேரும். இங்கே அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் இந்தத் தொகைக்கு வரி வராது. ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். குடிவைக்கும்போது ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். 2017-ம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாதம் வாங்கித் தருகிறேன் என்று தரகர் சொன்னால் அதில் மயங்க வேண்டாம்.

அந்த 50,000-ஐ இப்போது கொடுக்காதீர்கள். வேறு ஆள் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்துவார், இருக்கட்டும். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம், ஈபி விவரம் மூன்றும் உங்கள் வக்கீல் கைக்கு வந்தபிறகும் அந்த வீடுதான் வேண்டும் என்றால், தொகையைத் தரகரிடம் தராமல் விற்பவரின் வங்கிக் கணக்கில் போடுங்கள். பத்திரத்தில் குறை இருந்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு போடுங்கள்.