ஆர்கன் எந்த ஊரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் மூன்றாவது சிம்பொனியை, அதாவது 'ஆர்கன் சிம்பொனி'யைக் கேட்டு மயங்கிப்போய் இரண்டு சிடி வாங்கினேன். கராயன் நடத்தியதில் ஆர்கன் பிரம்மாண்டம், ஆனால் ஆர்கெஸ்ட்ராவோடு ஒட்டாமல் எங்கிருந்தோ வருவதுபோல் இருக்கிறது. ஷார்ல் மன்ஷ் நடத்தியதில் எல்லாம் சேர்ந்து ஒலிக்கிறது, ஆனால் மெதுவான பகுதியில் ஆர்கன் வாசிக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை. கோளாறு என் காதிலா, சிடியிலா? ரொமான்டிக் காலத்து, அதாவது ஏறத்தாழப் பத்தொன்பதாம் நூற்றாண்டு, ஆர்கன்-ஆர்கெஸ்ட்ரா இசையைச் சேகரிக்க ஆசை. அடுத்து எதை வாங்கலாம்?"

காதில் கோளாறு இல்லை. 'எங்கிருந்தோ வருவதுபோல்' என்று எழுதியிருக்கிறீர்களே, நிஜமாகவே எங்கிருந்தோதான் வருகிறது. கராயன் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது பெர்லினில், பியர் கோஷரோ ஆர்கன் வாசித்தது பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில். 1981இல் எடுத்த பதிவு அது, இரண்டையும் பிறகு ஒட்டினார்கள். இதைவிடத் தூரத்து ஜோடியும் உண்டு. 1975இல் டேனியல் பாரன்பாய்ம் சிகாகோ சிம்பொனியை சிகாகோவில் நடத்தினார், காஸ்தோன் லிதேஸ் பிரான்ஸில் ஷார்த்ர் தேவாலயத்து ஆர்கனை வாசித்தார், நடுவில் அட்லான்டிக் சமுத்திரம்.

ஏன் இந்தப் பாடு என்றால், ஆர்கன் தூக்கிக்கொண்டு வரக்கூடிய வாத்தியம் இல்லை. நம் ஊரில் ஆர்கன் என்றதும் மெல்லிசைக் குழுவின் கீபோர்டோ தேவாலயத்து ஆர்மோனியப் பெட்டியோ நினைவுக்கு வரும். இது அதில்லை, கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய ஆயிரக்கணக்கான குழாய்கள். நல்ல ஆர்கெஸ்ட்ரா இருக்கும் அரங்கில் நல்ல ஆர்கன் இருக்காது, இருந்தாலும் இந்த இசை கேட்கும் பிரெஞ்சுக் கரகரப்பு அதற்கு வராது. நல்ல ஆர்கன் இருக்கும் தேவாலயத்திலோ ஒரு சத்தம் அடங்க ஆறேழு வினாடி பிடிக்கும், அங்கே வயலின்களை உட்கார வைத்தால் வேகமான இடமெல்லாம் கூழாகிவிடும். சரி, தனித்தனியாகவே எடுத்துவிடலாம் என்று கம்பெனிகள் முடிவு செய்வது இதனால்தான்.

ஆனால் சுருதி என்று ஒன்று இருக்கிறது. ஆர்கனை ஒரு நிகழ்ச்சிக்காக இறக்கி ஏற்ற முடியாது, மற்றவர்கள்தான் அதன் சுருதிக்கு வரவேண்டும். அந்தச் சுருதியும் நிலையாக நிற்காது. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், குழாயின் சுருதியும் ஏறும். 20 டிகிரியில் 440 ஹெர்ட்ஸ் கொடுக்கும் குழாய் 25 டிகிரியில் ஏறத்தாழ 444 கொடுக்கும். தம்புராவைத் தொட்டுப் பழகிய காதுக்கு அந்த நாலு ஹெர்ட்ஸ் முள் மாதிரி குத்தும். ஒட்டுப் பதிவுகளில் பொறியாளர்கள் இதையும் சமாளித்தாக வேண்டும், பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். அவர்களால் மறைக்க முடியாதது கார்வை, அதாவது வாசிப்பு நின்றபின் அறைக்குள் தங்கும் எதிரொலிதான். கடைசி சி மேஜர் கோர்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது) நின்றதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரே அறை என்றால் வயலின், டிரம்பெட், ஆர்கன் எல்லாம் ஒரே வாலாகச் சேர்ந்து அடங்கும். ஒட்டுப் பதிவில் ஆர்கெஸ்ட்ரா முதலில் அடங்கிவிடும், ஆர்கன் மட்டும் பெரிய குகைக்குள் தனியாக முழங்கிக்கொண்டிருக்கும். கடைசி மூன்று வினாடியைக் கேட்டாலே போதும், விஷயம் தெரிந்துவிடும்.

அதற்காக ஒட்டுப் பதிவெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். அந்த பாரன்பாய்ம் பதிவில் இறுதிப் பகுதிக்கு ஓடும் ஓட்டம் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது. கராயனுடையது எனக்குப் பிடிப்பதில்லை, ஆர்கன் ஆர்கெஸ்ட்ராவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இப்போது மன்ஷ் பதிவுக்கு வருவோம். 1959 ஏப்ரலில் பாஸ்டன் சிம்பொனி ஹாலில், அந்த அரங்கத்தின் ஆர்கனையே வைத்து எடுத்தது, வாசித்தவர் பெர்ஜ் ஸாம்கோச்சியன். மெதுவான பகுதியில் ஆர்கன் தெரியவில்லை என்கிறீர்கள். இந்த சிம்பொனியில் ஆர்கன் கச்சேரியின் நாயகன் இல்லை என்பதை மனதில் வையுங்கள். சுமார் 35 நிமிடப் படைப்பு இரண்டு பெரும் பகுதிகளாக இருக்கிறது, இரண்டிலும் பின்பாதியில் மட்டும்தான் ஆர்கன் வரும். எல்லோருக்கும் தெரிந்த அந்த இடி இரண்டாவது வருகை. முதல் வருகை டி ஃபிளாட் மேஜரில், வயலின்களுக்கு அடியில் பாய் விரிப்பதுபோல, அவ்வளவு சன்னமாக. என் வீட்டில் அந்த இடம் வந்தால் ஸ்பீக்கருக்குப் பக்கத்து ஷோகேஸ் கண்ணாடிதான் முதலில் 'கிர்ர்' என்று சொல்லும், ஆர்கன் வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் அம்மா கண்டுபிடிப்பார்.

உங்கள் வீட்டில் கண்ணாடி அதிரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது ஸ்பீக்கரை. ஆர்கனில் குழாயின் நீளத்தை அடிக்கணக்கில் சொல்வார்கள். காலால் மிதிக்கும் பெடலில் 16 அடிக் குழாயின் கடைசி சி 33 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே, 32 அடிக் குழாய் என்றால் 16 ஹெர்ட்ஸ் சொச்சம். நம் மந்தர ஸ்தாயிக்கும் கீழே, காது கேட்பதைவிட நெஞ்சுக்கூடு கேட்கும் இடம். புத்தக அலமாரியில் வைக்கும் ஐந்து அங்குல ஸ்பீக்கர் 50, 60 ஹெர்ட்ஸிலேயே கைவிரித்துவிடும், லேப்டாப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸப்வூஃபருக்குச் செலவு செய்வதற்கு முன்னால், காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் ஒன்றைக் கடன் வாங்கி அதே சிடியைக் கேட்டுப் பாருங்கள். அதில் ஆர்கன் தெரிந்தால் சிடியில் குறையில்லை.

அடுத்து எதை வாங்குவது? இதே சிம்பொனியில் இன்னும் ஒன்றே ஒன்று வாங்குங்கள், பால் பாரே டெட்ராய்ட் சிம்பொனியோடு 1957இல் மெர்குரி கம்பெனிக்காக எடுத்தது. ஆர்கன் வாசித்தவர் மார்செல் டுப்ரே. இந்த சிம்பொனி லண்டனில் முதன்முதலில் அரங்கேறியது 1886 மே 19, டுப்ரே பிறந்தது அதே ஆண்டு மே 3. பதினாறு நாள் மூத்தவர்! பிரெஞ்சு ஆர்கன் மேதைகளான விடோரிடமும் கில்மானிடமும் படித்தவர் என்பதால் அந்த மரபு நேராக அவர் விரலுக்கு வந்திருக்கிறது. பாரேயின் காலப்பிரமாணம் விறுவிறு என்று இருக்கும், உருகி வழிய மாட்டார். புதிய பதிவுதான் வேண்டும் என்றால், பிலடெல்பியாவின் கிம்மல் சென்டரில் 2006இல் புது ஆர்கன் வந்தபோது எஷன்பாக் நடத்தி ஒலிவியே லாத்ரி வாசித்தது, ஒன்டின் வெளியீடு. எல்லாம் ஒரே அரங்கில். அதே சிடியில் புலாங்கின் ஆர்கன் கான்செர்டோவும் பார்பரின் 'டொக்காட்டா ஃபெஸ்டிவா'வும் இருக்கின்றன. அவை ரொமான்டிக் கணக்கில் சேராது, கூடவே வரும் விருந்தாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பதிவோடு சான்-சான்ஸை நிறுத்துங்கள். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், ஒரே சிம்பொனியில் இருபது பதிவு வைத்திருப்பார்கள், ரைன்பெர்கர் என்றால் யார் என்று கேட்பார்கள்.

யோசஃப் ரைன்பெர்கர் லீக்டன்ஸ்டைன் நாட்டு வாடூஸில் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்தவர், 1839 முதல் 1901 வரை. ஆர்கனுக்கு இரண்டு கான்செர்டோ எழுதினார், எஃப் மேஜரில் ஓபஸ் (படைப்பு எண்) 137, ஜி மைனரில் ஓபஸ் 177. இவற்றில் ஆர்கன்தான் நாயகன். முதலாவதில் ஆர்கெஸ்ட்ரா என்று இருப்பது தந்தி வாத்தியங்களும் மூன்று ஹார்னும் (வளைந்த பித்தளை ஊது வாத்தியம்) மட்டும், அவ்வளவுதான். ஆகவே பெரிய அரங்கு தேவையில்லை, ஒரு சாதாரண தேவாலயத்தில் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்தே எடுத்துவிடலாம், ஒட்டுவேலையின் அவசியமே குறைவு. பால் ஸ்கெவிங்டன் வாசித்த நாக்சோஸ் சிடியில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆர்ப்பாட்டமே இல்லாத இசை, முதல் தடவை 'என்ன இது, சாதுவாக இருக்கிறதே' என்று தோன்றும். மூன்றாவது தடவையில் அந்த ஹார்ன்கள் ஆர்கனோடு குழைவதைப் பிடித்துக்கொள்வீர்கள். என் சேகரிப்பில் மன்ஷைவிட அதிகம் தேய்ந்தது ரைன்பெர்கர்தான்.

அப்புறம் அலெக்சாந்த்ர் கில்மான். தன் முதல் ஆர்கன் சோனாட்டாவையே ஆர்கெஸ்ட்ரா சேர்த்து டி மைனர் சிம்பொனியாக்கினார், ஓபஸ் 42. சாண்டோஸ் வெளியீட்டில் இயன் டிரேஸி லிவர்பூல் தேவாலயத்தில் வாசிக்கிறார், யான் பாஸ்கல் தோர்த்தலியே நடத்தும் பிபிசி பில்ஹார்மோனிக். பத்தாயிரத்துக்கும் மேல் குழாய் உள்ள ராட்சத ஆர்கன் அது. எதிரொலி எக்கச்சக்கம், நுணுக்கம் கொஞ்சம் கரைந்துதான் போகிறது. ஆனால் ஒரே கூரைக்குள் எழும்பும் சத்தம், அதற்காகவே வைத்திருக்கலாம்.

விடோர் என்றால் எல்லோருக்கும் மேற்கத்தியக் கல்யாணங்களில் வாசிக்கும் அந்த டொக்காட்டா (விரல் வேகம் காட்டும் படைப்பு) மட்டும்தான் தெரியும். ஆர்கனும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து அவர் எழுதியவை வேறு. ஓபஸ் 69 சிம்பொனி 1894இல் ஜெனீவாவின் விக்டோரியா ஹால் திறப்புக்காக எழுதியது. அந்த அரங்கத்துப் பழைய ஆர்கன் 1984 தீ விபத்தில் போய்விட்டது. 'சின்ஃபோனியா சாக்ரா' என்ற ஓபஸ் 81 இன்னும் ஆழமானது, ஆனால் பொறுமை கேட்கும். இவற்றுக்கு சிபிஓ லேபிளைத் தேடுங்கள், இந்த மாதிரி மூலையில் கிடக்கும் இசையைத் தூசிதட்டி எடுப்பதுதான் அவர்கள் தொழிலே.

கடைசியாக ஜோசஃப் ஜோங்கன். பெல்ஜியக்காரர், 1926இல் எழுதிய 'சிம்பொனி கான்செர்டான்ட்', ஓபஸ் 81. ஆண்டைப் பார்த்தால் ரொமான்டிக் இல்லை, கேட்டால் வேறு எதுவும் இல்லை. பிலடெல்பியாவில் வானமேக்கர் என்று ஒரு பெரிய பல்பொருள் கடை இருந்தது. அதன் நடுக்கூடத்தில் 28,000 குழாய்க்கு மேல் கொண்ட ஆர்கன். அதற்காகக் கடை முதலாளி ராட்மன் வானமேக்கர் கேட்டு எழுதப்பட்டது இது. அங்கே நடப்பது தள்ளிக்கொண்டே போய், 1928இல் பிரஸ்ஸல்ஸில்தான் அரங்கேறியது, முதலாளியும் அதே ஆண்டு இறந்துவிட்டார். அந்தக் கடைக்குள் அது ஒலித்தது 2008 செப்டம்பரில்தான், எண்பது வருடம் கழித்து. சேகரிப்புக்கு டெலார்க் கம்பெனியின் பதிவு, மைக்கேல் மர்ரே வாசிக்க, எடோ டி வார்ட் நடத்தும் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி. கடைசிப் பகுதியைச் சத்தமாக வைக்கும் முன் ஷோகேஸ் சாமான்களை இறக்கி வைத்துவிடுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

வாங்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய பதிவுகள் புது அட்டை, புது எண், புதுத் துணைப்படைப்பு என்று வேஷம் மாற்றி வந்துகொண்டே இருக்கும். நான் ஒரே பதிவை மூன்று அட்டையில் வாங்கியவன், மூன்றாவதை 'முந்தினதைவிட நல்லாருக்கே' என்று நண்பரிடம் ஒரு வாரம் புகழ்ந்துவிட்டுத்தான் கையேட்டைப் படித்தேன். கண்டக்டர், ஆர்கெஸ்ட்ரா பெயர் போதாது. யூஜீன் ஆர்மண்டி பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவை வைத்தே இந்த சிம்பொனியைப் பல தடவை பதிந்திருக்கிறார், பவர் பிக்ஸ், வர்ஜில் ஃபாக்ஸ், மைக்கேல் மர்ரே என்று ஆர்கன்காரர் மட்டும் மாறுவார். எனவே உங்கள் நோட்டில் ஆர்கன்காரர் பெயர், பதிவு நடந்த இடம், பதிவான தேதி (வெளியான தேதி இல்லை), இந்த மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். கையேட்டில் இரண்டு இடம், இரண்டு தேதி போட்டிருந்தால் அது ஒட்டு. ஸ்ட்ரீமிங்கில் பல சமயம் ஆர்கன்காரர் பெயரே இருக்காது, அப்போது கடைசி மூன்று வினாடிதான் கதி.

எல்பி வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். இசைத்தட்டின் வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்கு ஊசி சுமார் 90 சென்டிமீட்டர் ஓடும், உள்ளே லேபிளை நெருங்கும்போது 40தான். அதே சுற்று நேரத்துக்குள் அவ்வளவு சத்தத்தையும் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைக்க வேண்டும். சான்-சான்ஸ் தன் மொத்த வெடிமருந்தையும் வைத்திருப்பது இரண்டாம் பக்கத்தின் உள்வட்டத்தில். பழைய தட்டு என்றால் கடைசி நிமிடம் கரகரக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம். அட்டைப் படத்துக்காக வாங்குங்கள், கேட்பதற்கு சிடி.

ரைன்பெர்கரை முதலில் வாங்குங்கள், பாரேயை அடுத்த மாதம். கராயன் சிடியை விற்க வேண்டாம், ஒட்டுப் பதிவு எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வீட்டில் இருக்கட்டும்.