ஹன்ட்லியும் பாமரும்

கேள்வி: பிரிட்டன்ல பிப்ரவரியை எல்ஜிபிடி (தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க, திருநர்கள்) வரலாற்று மாதம்னு யூனிவர்சிட்டிகள் கொண்டாடுதாமே. டீயும் பிஸ்கட்டும் கொடுத்து செமினார் போடறதைத் தவிர அவங்களுக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன சார் சம்பந்தம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தெரிஞ்சு கேட்டீங்களோ தெரியாம கேட்டீங்களோ, சம்பந்தமே பிஸ்கட்லதான் இருக்கு. இங்கிலாந்துல ரெடிங் ஊர்ல ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ்னு பெரிய பிஸ்கட் கம்பெனி இருந்துச்சு. அந்த பாமர் குடும்பம் கொடுத்த நிலத்துலயும் காசுலயும் வளர்ந்ததுதான் ரெடிங் யூனிவர்சிட்டி. (பிஸ்கட்டைக் காபியில முக்கிச் சாப்பிடறவங்களைப் பத்தி போன இதழ்ல நான் எழுதினதுக்கு இன்னும் வசவு வந்துக்கிட்டு இருக்கு. எழுதினது எழுதினதுதான்.)

அந்த யூனிவர்சிட்டிக்கு அப்போ துணைவேந்தர் ஜான் வுல்ஃபெண்டன். தன்பால் உறவு, பாலியல் தொழில் ரெண்டையும் பத்தின சட்டத்தை அலசச் சொல்லி 1954ல அரசாங்கம் போட்ட கமிட்டிக்கு இவர்தான் தலைவர். ரெண்டையும் எதுக்கு ஒரே மூட்டையா கட்டினாங்கன்னு கேக்காதீங்க, கமிட்டின்னா அப்படித்தான். பெண்கள் இருக்கற இடம், கூச்சமா இருக்குமேன்னு கமிட்டிக்காரங்க தங்களுக்குள்ள ஒரு சங்கேதம் வச்சுக்கிட்டாங்க: தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க ஹன்ட்லி, பாலியல் தொழில் பண்றவங்க பாமர்! எந்தத் துணைவேந்தராவது தன் யூனிவர்சிட்டிக்கு அள்ளிக் கொடுத்த வள்ளல் பேரை இப்படி யூஸ் பண்ணுவாரா? நம்மூர்ல பண்ணியிருந்தா மறுநாளே கட்டடத்துல பாதியை இடிச்சு எடுத்துட்டுப் போயிருப்பாங்க.

கமிட்டின்னாலே எனக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா இது 1957ல உருப்படியா ஒரு ரிப்போர்ட் கொடுத்துச்சு, வயசுக்கு வந்த ரெண்டு ஆம்பளைங்க சம்மதத்தோட தனிமையில இருந்தா அது குற்றமில்லைன்னு. அது சட்டமாக 1967 வரைக்கும் இழுத்தாங்க, அதுவும் 21 வயசு ஆனவங்களுக்கு, இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் மட்டும். ஸ்காட்லாந்துக்காரன் 1980 வரைக்கும் காத்திருக்கணும். இதுல என்னை அசத்தினவர் துணைவேந்தர் இல்லை, கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டியோட ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் டைரக்டர் கார்ல் வின்டர். மாட்டினா ஜெயில்ங்கற காலத்துல கமிட்டி முன்னாடி போய் உக்காந்து நானும் அப்படித்தான்னு சாட்சி சொன்னார் மனுஷன். அந்த வேலையில இருந்துக்கிட்டு!

அப்புறம் 1970 அக்டோபர்ல லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல ஒரு கிளாஸ்ரூம். பாப் மெல்லர்ஸ்னு அங்க படிச்ச பையனும் ஆப்ரி வால்டரும் சேர்ந்து கே லிபரேஷன் ஃப்ரன்ட்டோட, அதாவது தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க விடுதலை இயக்கத்தோட, முதல் கூட்டத்தைப் போட்டாங்க. வந்தது கொஞ்சம் பேர்தான். தலைவர்னு யாரும் கிடையாது, ஹன்ட்லி பாமர் கிடையாது, பேரையே போர்டுல போட்டுக்கிட்டுத் தெருவுக்கு வந்தாங்க. 1972ல லண்டன்ல முதல் பிரைட் (பெருமித) ஊர்வலம் நடத்தினது இந்தக் கூட்டம்தான்.