இங்கிலாந்துக் கணக்கை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடி. உயர்தரம் முடித்துவிட்டு ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சம்பளம் போதவில்லை. இணையத்தில் பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பதில் சொன்னால் பணம் தருகிறார்களாம். புரொலிஃபிக் என்ற தளத்தில் பதியப் பார்த்தேன், இலங்கையிலிருந்து முடியவில்லை. கல்முனையில் ஒருவர் இங்கிலாந்து முகவரியோடு 'ஓகே ஆன' கணக்கு 15,000 ரூபாவுக்குத் தருகிறார், நான் இருக்கும் நாட்டை மறைக்கிற விபிஎன்னும் போட்டுத் தருவாராம். 5,000 முற்பணம் கொடுத்துவிட்டேன், அடையாள அட்டைப் படமும் அனுப்பிவிட்டேன். மீதிக்கு மோதிரத்தை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம் மகள். மீதிப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் தளம் உண்மையானதுதான். 2014இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் தொடங்கியது. ஆய்வு செய்கிறவர் மணிக்குக் குறைந்தது 6 பவுண்ட்ஸ் கணக்கில் கொடுக்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. சேர ஒரு சதமும் கேட்பதில்லை. ஆனால் ஓஈசிடி என்கிற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த அமைப்பில் உள்ள நாடுகளில் பெரும்பாலானவற்றிலும் வேறு சிலவற்றிலும் வசிக்கிறவர்களைத்தான் எடுக்கிறார்கள். நம் நாடு அதில் இல்லை. ஆகவே உங்களுக்குக் கிடைக்காதது உங்கள் குறையல்ல. கல்முனைக்காரர் சரி பண்ணித் தரக்கூடியதும் அல்ல.

அவர் விற்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். வேறொருவரின் பெயர், வேறொருவரின் பாஸ்போர்ட். பணம் வந்து சேரும் பேபால் கணக்கும், அதாவது இணையவழிப் பணக் கணக்கும், வேறொருவருடையது. அக்கரைப்பற்றிலிருந்து என் வகுப்புக்கு வந்த ஒரு பையன் இப்படி ஒன்றை வாங்கினான். இரண்டு கிழமை, மாலையிலிருந்து நடுச்சாமம் வரை லெப்டொப்பின் முன்னால். 43 பவுண்ட்ஸ் சேர்ந்தது. ஒருநாள் இரவு திரையில் ஒரு வட்டம் வந்து, முகத்தை அதற்குள் வைத்து இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்றது. பாஸ்போர்ட்டில் இருந்த முகம் அவனுடையதல்ல. அத்தோடு கணக்கும் போனது, 43 பவுண்ட்ஸும் போனது. விற்றவருக்கு அழைத்தால், "புதுக் கணக்கு 12,000, உனக்கு என்றபடியால் 3,000 குறைக்கிறேன்" என்றாராம். தாயின் காப்பு அதற்கு முன்பே அடகுக் கடையில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருவர் ஆய்வு செய்கிறார். அதற்குக் களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் பதில் எழுதினால் அந்த ஆய்வே பழுதாகிவிடும். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற உங்களுக்கு இது விளங்கும்.

பேபால் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். இலங்கையிலிருந்து அதில் கணக்குத் திறக்கலாம், பொருள் வாங்கலாம். வெளியிலிருந்து வரும் பணத்தைப் பெறத்தான் வருடக்கணக்காக வழி இல்லாமல் கிடக்கிறது. எந்த அரசாங்கம் வந்தாலும் "விரைவில் வருகிறது" என்று ஒரு அறிவிப்பு மட்டும் வரும். நேர்மையாக உழைக்கிற பிள்ளைகள் அந்த இடைவெளியில் புரோக்கரிடம் போய் விழுகிறார்கள். இந்த வாசலை மேலே இருப்பவர்கள் ஒழுங்காகத் திறந்து விட்டிருந்தால் கல்முனைக்காரருக்கு வியாபாரமே இருக்காது.

இந்தக் கணக்கை நீங்கள் வேண்டாம் என்றதும் வேறு இரண்டு பேச்சு வரும். இவர்களிடம் உங்கள் ஃபோன் இலக்கம் போய்விட்டது, அதனால் சொல்கிறேன்.

ஒன்று, வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு "ஆய்வு உதவியாளர்". கூகுள் மெப்பில் ஒரு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள், 300 ரூபா என்பார். போட்டால் 300 உண்மையாகவே வரும். மறுநாள் 900 வரும். மூன்றாம் நாள் 5,000 கட்டினால் 6,500 என்பார், அதுவும் வரும். பிறகு 25,000. அதன் பிறகு உங்கள் பணம் "முடங்கிவிட்டது", எடுக்க 80,000 வரி கட்டுங்கள் என்பார். அந்தக் குழுவில் "எனக்கு வந்துவிட்டது, நன்றி சேர்" என்று எழுதுகிறவர்கள் எல்லாம் அவர்களுடைய ஆட்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல மகள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி.

இரண்டாவது இதைவிட மோசம். "உங்கள் வங்கிக் கணக்கைப் பாவிக்கத் தாருங்கள், மாதம் 20,000." ஏமாந்த வேறு யாரோ ஒருவரின் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். பொலிஸ் தேடி வருவது கணக்குச் சொந்தக்காரரை. அதாவது உங்களை. பணச் சலவைத் தடுப்புச் சட்டம் 2006ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லி அதிலிருந்து எளிதில் தப்ப முடியாது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒருவருக்கும் கணக்கு இலக்கமே கொடுக்கக்கூடாது என்று முடிவெடுக்காதீர்கள். போன வருடம் ஒரு மாணவி அப்படித்தான் செய்தாள். ஒரு நிறுவனத்துக்குத் தமிழில் குரல் பதிவு செய்து கொடுத்தாள், நல்ல வேலை. பணம் அனுப்பக் கணக்கு இலக்கம் கேட்டதும் பயந்து ஆளையே புளொக் பண்ணிவிட்டாள். உழைத்த காசு அப்படியே நின்றது. கணக்கு இலக்கம், பெயர், வங்கிக் கிளை இந்த மூன்றும் உங்களுக்குப் பணம் அனுப்பத் தேவை. வீட்டு முகவரி மாதிரி, கொடுக்கலாம். வங்கி அட்டையின் பின்பக்க மூன்று இலக்கமும், ஃபோனுக்கு வரும் ஓடீபி என்கிற ஒருமுறை இரகசிய இலக்கமும், இணைய வங்கிக் கடவுச்சொல்லும் வீட்டுச் சாவி. பணம் போட வருகிறவருக்குச் சாவி தேவையே இல்லை. "ஓடீபி வந்திருக்கும், சொல்லுங்கள், அப்போதுதான் பணம் ஏறும்" என்று கேட்டால் அந்த இடத்திலேயே அழைப்பை வெட்டுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும் வெட்டுங்கள்.

சரி, நேர்வழி இல்லையா? இருக்கிறது, ஆனால் சிறிய வழி. வெளிநாட்டுப் பணத்தைப் பெற்றுத் தருகிற பயோனியர் என்ற சேவை மூலம் பணம் தருகிற தளமா என்று முதலில் பாருங்கள். அது இலங்கை வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் வருடம் முழுவதும் சிறு தொகையே வந்தால் ஆண்டுக் கட்டணம் என்று ஏறக்குறைய 30 டொலர் கழித்துக்கொள்வார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். தமிழில் குரல் பதிவு, ஒலியைக் கேட்டு எழுத்தாக்குவது போன்ற வேலைகள் அவ்வப்போது வரும். உங்கள் தமிழுக்கு அவை பொருந்தும். கொழும்புச் சந்தை ஆய்வு நிறுவனங்கள் ஸூமில் நடத்தும் கலந்துரையாடல்களும் உண்டு. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்கள் அனுப்பும் கேள்விக்கொத்துகள் பெரும்பாலும் இலவசம், வருமானமாக எண்ண வேண்டாம். மொத்தத்தில் மாதச் சம்பளம் ஒன்று இதிலிருந்து வராது. ஃபோன் பில்லுக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் உதவும்.

இனி இன்றைக்குச் செய்ய வேண்டியது. கல்முனைக்காரரோடு நடந்த உரையாடல் முழுவதையும், 5,000 அனுப்பிய பற்றுச்சீட்டையும் முதலில் படமெடுத்து வையுங்கள், அவர் அழிப்பதற்கு முன்னால். அதன் பிறகுதான் முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், அடையாள அட்டைப் படம் வெளியே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் அடையாள அட்டையில் வேறு சிம் எடுத்திருக்கிறார்களா என்று ஃபோன் கம்பனிகளின் கிளைகளிலும் கேளுங்கள். 101க்கு அழைத்தால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் பிரிவு ஆலோசனை தரும். பணம் திரும்பி வராவிட்டால் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். தொகை சிறிது என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் அந்த மேசையை விட்டு எழும்ப வேண்டாம். அந்த அடையாள அட்டைப் படத்தை நாளைக்கு வேறெங்காவது பாவித்தால், உங்கள் கையில் இருக்கப்போவது அந்த இலக்கம்தான்.